தோட்டத்தின் மேல் நிற்கும் ஈரம்

காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்கும் கருவி ஒன்று மலேசியாவில் மக்கர் பண்ணுகிறது, போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று வீட்டில் சொன்னேன். "அதுக்கு எதுக்கு கெடா வரைக்கும் போகணும்? துவைச்ச சட்டையக் கொடியில போட்டாத் தெரிஞ்சிடாதா?" என்றார் என் வீட்டுக்காரர். கேலி செய்த மனிதர்தான் ரகசியமாக என் பெட்டியில் ஆவக்காய் பாட்டிலையும் வைத்திருக்கிறார். பினாங்கில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது என் புடவைகளில் பாதி ஊறுகாய் வாசனையோடு எனக்காகக் காத்திருந்தன.

அழைத்துப்போக வேன் ஓட்டும் முனியாண்டி வந்திருந்தார். வீடு சுங்கைப்பட்டாணியில், பாக்கார் ஆராங் பக்கம். என்னைவிட வயதில் கொஞ்சம் இளையவர். "வாங்கக்கா. சாப்பிட்டீங்களா? இல்லன்னா மொதல்ல சாப்பாடு. வேல எங்கயும் ஓடிறாதுலா" என்றார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும். நம் பரோட்டாவின் பணக்காரச் சித்தி பெண் என்று சொல்லலாம். தேத்தண்ணியை ஆற்றி நுரைக்க நுரைக்கக் கொடுத்தார்கள். அதில் போட்ட பாலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாயசம் காய்ச்சலாம், அவ்வளவு இனிப்பு.

நெடுஞ்சாலையில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. சென்னையில் வண்டி ஓட்டிப் பழகிய காதுக்கு என்னவோ போல் இருந்தது. "உங்க வேன்ல ஹாரன் வேலை செய்யுதா?" என்று கேட்டேன்.

"செய்யும்க்கா. எதுக்கு அடிக்கணும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கருவி இருந்த தோட்டம் ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது. அங்கே தோட்டம் என்றால் எஸ்டேட். முன்பு ரப்பர், இப்போது பெரும்பகுதி செம்பனை, பாமாயில் எடுக்கும் பனை. சாலையின் இரு பக்கமும் செம்பனை மரங்கள் இலைகளைக் கவிழ்த்துக்கொண்டு நிற்க, உள்ளே போகப் போக வெளிச்சமே பச்சையாகிவிட்டது. குடியிருப்பைத் தாண்டி ஒரு திடல். திடலின் ஓரத்தில் கம்பிவேலிக்குள் நாலு கால்களில் நின்றது என் நோயாளி. ஐஸ் விற்கும் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் தலையில் வில்லாக வளைத்துக் கட்டிய பால்நிறத் தாள்.

இதன் பெயர் ரேடியோமீட்டர். இது மேலே எதையும் அனுப்புவதில்லை. வானத்தில் இருக்கும் நீராவி தன் சூட்டினாலேயே மிக மெல்லிய அலைகளைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாளுக்குள் ஒரு கண்ணாடி கிழக்கே சாயும், நிமிரும், மேற்கே சாயும். சாய்கிற கோணத்துக்கெல்லாம் எவ்வளவு கசிவு வருகிறது என்று கேட்டு, எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். நம் தலைக்கு மேல் இருக்கும் நீராவி மொத்தத்தையும் தண்ணீராக்கி இறக்கினால் இந்த ஊரில் கணுக்கால் நனையும், அவ்வளவுதான். அந்தக் கணுக்கால் தண்ணீருக்குள்தான் இடியும் மழையும் வெள்ளமும் அடக்கம். இத்தனை வருஷமாக இந்தக் கருவிகளோடு மாரடிக்கிறேன், இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கத்தான் செய்கிறது.

வேலிக் கதவைத் திறந்துவிட்டவள் தர்ஷினி. இதே தோட்டத்துப் பெண், பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. கருவி இங்கே நிற்பது அவள் ஆராய்ச்சிக்காகத்தான். மாதத்தில் ஒருமுறை, அதுவும் வார நாளில்தான் அவளால் வரமுடியும். அளவுகள் இணையம் வழியே அவளுக்குப் போய்விடும். மற்றபடி வேலிச் சாவி அவள் அம்மா பார்வதியிடம். பறவை எச்சம் விழுந்தால் துடைப்பதும், புல் வெட்டச் சொல்வதும், மாடு வராமல் பார்த்துக்கொள்வதும் பார்வதிதான்.

தர்ஷினி கண்டுபிடித்திருந்த விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. விடியற்காலைகளில், தரைக்கும் மேகத்துக்கும் இடையே, இந்தத் தோட்டத்தின் மேல் ஓர் ஈர அடுக்கு தனியாக நிற்கிறதாம். பகலெல்லாம் மரங்கள் விட்ட மூச்சு இரவில் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது என்பது அவள் எண்ணம். ஆனால் அவளுடைய பேராசிரியர் நம்பவில்லை. பழுதான கருவியின் பிதற்றல் என்றுவிட்டார்.

"மிஷின் ரோசாக்னா அடுக்கு இல்ல. அடுக்கு இல்லன்னா என் தீசிஸ் இல்ல, ஆன்ட்டி. மாசக் கடைசியில மிஷின எடுத்துட்டுப் போயிருவாங்க. நீங்க பாத்துச் சொல்றதுதான்." ரோசாக் என்றால் அங்கே கெட்டுப்போனது. அவள் அழவில்லை. நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பரிசோதனை. இந்தக் கருவிக்கு மிகக் குளிர்ந்த ஒரு பொருளைக் காட்டி, 'இது எவ்வளவு குளிர், சொல்லு' என்று கேட்கவேண்டும். சரியாகச் சொன்னால் உடம்பில் கோளாறு இல்லை. அந்தக் குளிருக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். தொழிற்பேட்டையில் ஒரு கடையில் வாங்கி, முனியாண்டியின் வேனில் ஏற்றினோம். பால் கேன் மாதிரி இருக்கும் அந்தக் கலனை இறுக்கி மூடக்கூடாது. உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும், மூச்சுவிட வழி வைக்கவேண்டும். அதனால் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு கிளம்பினோம்.

பாதி வழியில் டயர் போயிற்று. உருட்டிக்கொண்டு ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினோம். குலுக்கலில் கலன் கோபித்துக்கொண்டு வெள்ளைப் புகையாகக் கக்கியது. ஜன்னல் வழியே புகை வழிந்து தரையில் தவழ்ந்துபோனதைப் பார்த்து, பெட்ரோல் போடும் பையன்கள் குழாயைப் போட்டுவிட்டு ஓட்டம். ஒரு அம்மாள் மலாயில் கத்தியதை முனியாண்டி எனக்கு மொழிபெயர்த்தார்: "கேஸ் வெடிக்கப் போகுது, பொம்பாவக் கூப்பிடுங்கன்னு சொல்றாங்கக்கா." பொம்பா என்பது தீயணைப்புப் படை. நாங்கள் ஸ்டெப்னியைக் கழற்றுவதற்குள் சிவப்பு வண்டி வந்து நின்றுவிட்டது. ஐயோ, நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம். நாலு பேரையாவது கடித்துவைக்கலாம் போல இருந்தது.

அதிகாரி மரியாதையான மனிதர். இது எரியாது, நாம் சுவாசிக்கும் காற்றின் பெரும்பங்கு இதுதான், குளிரவைத்துத் திரவமாக்கியிருக்கிறார்கள் என்று முனியாண்டி மூலமாக விளக்கினேன். நம்பாமல் பார்த்தார். கலனைத் திறந்தவெளிக்கு இறக்கவைத்துக் கொஞ்சம் எடுத்துத் தரையில் ஊற்றினேன். முத்து முத்தாகத் தெறித்து ஓடி, ஓடும்போதே காணாமல் போயிற்று. அந்தப் பெரிய மனிதர் குனிந்து, தரையைத் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை.

"எங்கே போச்சு?" என்று கேட்கிறாராம்.

"உங்க மூக்குக்கு முன்னாடிதான் இருக்கு. பழையபடி காத்தாயிடுச்சுன்னு சொல்லுங்க."

முனியாண்டி சொன்னதும் அவர் கையை உயர்த்தி, விரல்களை விரித்து, காற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அப்புறம் அவர் ஆட்களே டயரை மாற்றிக் கொடுத்தார்கள். நம் ஊரில் முதலில் ஒரு விசாரணை நடந்திருக்கும்.

மிச்சம் இருந்த நைட்ரஜன் போதுமானதாக இருந்தது. பிற்பகலில் பரிசோதனையை முடித்தேன். கருவி கேட்டதற்கெல்லாம் பிசகில்லாமல் பதில் சொன்னது. தாளின் ஒரு பக்கத்தில் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. வெயிலுக்குப் பழுத்திருக்கும், புதுத் தாள் கொண்டுவந்திருக்கிறோம், போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "உன் மிஷினுக்கு ஒரு குறையும் இல்ல" என்றதும் தர்ஷினி என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று அவள் வீட்டில்தான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை ஆனதால் மரக்கறி. கங்கோங் கீரைப் பொரியலும் ரசமும். நானே நாலாம் முறை சோறு கேட்டேன், வெட்கமில்லாமல்.

சனிக்கிழமை விடியலில் பனி கொட்டியிருந்தது. கருவியின் படத்தில் ஈர அடுக்கு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தடித்திருந்தது. இவ்வளவு இருந்தால் மூஞ்சிக்கு நேரே குளம் தொங்கவேண்டுமே என்று எனக்கு உதறல் எடுத்தது. தர்ஷினியோடு திடலுக்கு ஓடினேன். வேலிக்குள் போனதும் இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். தாளின் கிழக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அருமையான சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். பனி அதில் ஊறி, சொட்டாமல், வழியாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

சிக்கலே அதுதான். அந்தத் தாளில் தண்ணீர் ஒட்டவே கூடாது. ஒட்டினால் கருவிக்கு வானத்தின் ஈரமும் தாளின் ஈரமும் ஒன்றுதான். கண்ணில் ஈரத்துணி கட்டிய ஆள் ஊரெல்லாம் மழை என்பது போல.

பார்வதி பின்னாலேயே வந்துவிட்டார். "நேத்து வெள்ளிக்கெழமல்ல, சாயந்தரம் வெளக்கு வச்சிட்டு வந்து வச்சேன். மிஷினு வந்த நாள்லருந்து வாராவாரம் வைக்கிறேனே. தோட்டத்து லோரிக்கு வைக்கிறோம், தண்ணி மோட்டருக்கு வைக்கிறோம். எம்புள்ளயோட மிஷினுக்கு வைக்காம..."

மகளின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"வந்த நாள்லருந்தா?" என்றாள் தர்ஷினி. "அப்போ எல்லா டேட்டாவும் போச்சும்மா. எல்லாமே. நான் பாத்தது வானம் இல்ல, உன் சந்தனம்." நான் தடுப்பதற்குள் அந்தத் தாளைப் பிடித்து உரித்து, கசக்கி, வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு நடந்தாள். வீட்டுக் கதவு சாத்தப்பட்ட சத்தம் திடல்வரை கேட்டது.

நான் யாரைத் திட்டுவது? எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைப்பவள் நான்தான். பெட்டியின் ஓரத்தில் வைப்பேன், கண்ணில் வைக்கமாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்வதிக்கு யாரும் சொல்லவில்லை. மாடு வராமல் பார்க்கச் சொன்னோம், எச்சத்தைத் துடைக்கச் சொன்னோம். பொட்டு வைக்காதே என்று சொல்ல யாருக்குத் தோன்றும்? புதுத் தாளைப் பொருத்திவிட்டு வந்தேன். பார்வதி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஏறுங்க. கோலா கெடா போயிட்டு வருவோம். மனசு சரியில்லன்னா கடலப் பாக்கணும்லா" என்றார் முனியாண்டி. எனக்கும் அந்த வாசலில் நிற்கப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் வயல், வானம் வரைக்கும் வயல். தஞ்சாவூர்க்காரர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன்பிடிப் படகுகள் தோளோடு தோள் உரசி நின்றன. லங்காவிக்குப் போகும் படகுக்கு ஒரு கூட்டம் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்தது. கரையோரக் கடையில் லக்சா வாங்கினோம். மீனை மசித்துக் கரைத்த புளிப்புக் குழம்பில் அரிசி நூடுல்ஸ். காரம் உச்சந்தலையைத் தொட்டது. பார்வதி கிண்ணத்தைத் தொடவில்லை.

"அந்த மிஷினு மேல என்னதான் பாக்குது?" என்று திடீரென்று கேட்டார்.

கடலைக் காட்டினேன். "இந்தத் தண்ணி வெயில்ல ஆவியாகி மேல போகுதுல்ல? உங்க தோட்டத்து மரமெல்லாம் வேர்ல உறிஞ்சி இலை வழியா விடுது. அது எங்க போய் நிக்குதுன்னு பாக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

"எம்பொண்ணு அதயா பாக்குறா?" வானத்தைப் பார்த்தார். "நான் என்னமோ காத்தடிக்கிறத பாக்குறான்னு நெனச்சேன். இவ்ளோ பெரிய வேலையா? தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனே. பாவி, எங்கையாலயே கெடுத்துட்டேனே."

தேற்றுவதற்காக எதையாவது சொல்லவேண்டுமே என்று, "தாள் பூராவும் பூசாம விட்டீங்களே, அதுவரைக்கும் சரி" என்றேன்.

"பூராவும் யாரு பூசுவா? மொகம் கெழக்கப் பாத்துதானே இருக்கும். மொகத்துலதான் வைப்போம். முதுகுல போயி யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"

லக்சா எனக்குப் புரையேறிவிட்டது.

முதுகு. மேற்குப் பக்கம். கண்ணாடி இரண்டு பக்கமும் சாய்ந்து பார்க்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? இரண்டு பக்கத்து அளவையும் சேர்த்துச் சராசரி போட்டுத்தான் தர்ஷினி வேலை செய்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஆனால் சேர்ப்பதற்கு முந்தைய அளவுகள் கருவியில் தனித்தனியாகவே இருக்கும். கிழக்கைத் தள்ளிவிட்டு மேற்கை மட்டும் எடுத்தால்? அந்த முதுகில் சந்தனம் படவே இல்லையென்றால்?

"முனியாண்டி, வண்டிய எடுங்க!"

"லக்சா பாதி இருக்கேக்கா..."

"எடுங்கன்னா எடுங்க!"

திடலுக்கு வந்ததும் புல்லில் கிடந்த தாளைத் தேடி எடுத்தேன். கிழக்குப் பாதி மஞ்சள் பூத்துச் சொரசொரவென்று இருந்தது. மேற்குப் பாதியில் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். உருண்டு ஓடியது, ஒரு துளி நிற்கவில்லை. கதவைத் தட்டித் தர்ஷினியை எழுப்பி, கையில் தாளைக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். அம்மா பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறு முழுக்க அவள் மேற்குப் பக்கத்து அளவுகளோடு உட்கார்ந்திருந்தாள். பார்வதி காப்பி கொண்டுவந்து வைப்பார், ஆறியதை எடுத்துக்கொண்டு போவார். நான் பயந்தபடியே இருந்தேன். மேற்கில் அடுக்கே தெரியாமல் போனால், அந்தக் கறையைவிடப் பெரிய பழி அந்தத் தாயின் தலையில் விழும்.

சாயங்காலம் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, மெலிஞ்சிருச்சு. பாதிக்குப் பாதி குறைஞ்சிருச்சு. ஆனா இருக்கு."

எனக்கும் தெரிந்தது. மங்கலாக, ஆனால் இருந்தது. ரேடியோமீட்டர் எப்போதுமே மங்கலாகத்தான் பார்க்கும். பேராசிரியர் இதையும் பிதற்றல் என்பாரே என்றேன். ஒரு வழிதான் இருந்தது. ஈரமானியைக் கட்டிப் பலூனை விட்டுவிடவேண்டும். அது அடுக்குக்குள்ளேயே நுழைந்து, தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடும். தர்ஷினியிடம் கடைசியாக ஒரு பலூன் மிச்சம் இருந்தது, விடுவதற்கு அனுமதியும் கையில் இருந்தது. ஒன்றே ஒன்று. பொய்த்தால் மறுபடி கிடையாது.

திங்கட்கிழமை விடியலில் திடலில் பாதித் தோட்டமே கூடிவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்கள். பலூன் ஊத ஊத, ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளையாக எழுந்து காற்றில் திமிறியது. தர்ஷினியோடு நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். "விடு" என்றேன். விட்டாள். செம்பனைத் தலைகளைத் தாண்டி, வெளுக்காத வானத்துக்குள் அது விறுவிறுவென்று ஏறியது. திடலில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். கோவில் தேர் நிலையைவிட்டுக் கிளம்பும்போது கூட்டம் அப்படித்தான் நிற்கும். எத்தனையோ பலூன் விட்டிருக்கிறேன், எனக்கு அன்றைக்குத்தான் கண் கலங்கியது.

மடிக்கணினித் திரையில் கோடு வரத் தொடங்கியது. தரையருகே ஈரம். மேலே போகப் போகக் குறைந்தது. இன்னும் குறைந்தது. தர்ஷினி நகத்தைக் கடித்தாள். கோடு உலர்ந்துகொண்டே போயிற்று. அப்புறம், நான் நம்பிக்கை விட்ட சமயம், கோடு தயங்கி, ஈரம் கூடும் வலப்பக்கம் வளைந்தது. வளைந்து, புடைத்து, சற்று தூரம் அப்படியே போய், மறுபடி உள்ளே திரும்பியது. மேற்குப் பக்கத்து அளவுகள் எங்கே சொன்னதோ அங்கேயே.

தர்ஷினி கத்தவில்லை, குதிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், வேலியை ஒட்டித் தள்ளி நின்ற பார்வதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இங்க வா."

அவர் தயங்கித் தயங்கி வந்தார். மகள் அவர் விரலைப் பிடித்துத் திரையில் அந்தப் புடைப்பின் மேல் வைத்தாள். "இது நம்ம தோட்டத்து மரம் விட்ட மூச்சும்மா. இப்போ, இந்த நிமிஷம், நம்ம தலைக்கு மேல நிக்குது."

பார்வதி திரையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, மேலே தேடினார். பலூன்கூட மறைந்துவிட்டிருந்தது.

"ஒண்ணுமே தெரியலயே, தர்ஷி."

"தெரியாதும்மா. கண்ணுக்குத் தெரியாத இதத் தேடித்தான் இத்தன வருஷமா வீட்டுல தங்காம ஓடிட்டிருந்தேன்."